அந்தக் கழுந்தைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

மூன்று நாளாக எல்லோரும் பகிரும் அந்த வீடியோவை நானும் பார்த்தேன். இடித்த வீட்டு ஜன்னலைப் பிரித்து, கழுந்தை, அதாவது ஒரு மரத்தின் முனையில் செதுக்கி இன்னொரு மரத்தின் துளையில் இறக்குகிற நாக்கை, கையில் தூக்கிக் காட்டி, "ஆசாரி ரெண்டு நாள் உட்கார்ந்து வெட்டினது, நமக்கு நாலு ஸ்க்ரூ போதும்" என்று சிரிக்கிறார் அந்தத் தம்பி. கீழே ஒருவர், பழைய ஆசாரிமார் கூலிக்காக வேலையை நாள்கணக்கில் இழுத்தார்கள் என்று எழுதியிருக்கிறார். என் அப்பா ஆசாரி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மரம் அசையும். இதை மட்டும் முதலில் புரிந்துகொள்ளுங்கள். மழையில் ஈரத்தை இழுத்து ஊதும், வெயிலில் சுருங்கும். அதுவும் அகலவாக்கில்தான், நீளத்தில் பெரிதாக ஒன்றும் ஆகாது. நம் குமரி மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. அசைகிற மரத்தை ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் நாளடைவில் ஓட்டை பெரிதாகி ஸ்க்ரூ ஆடும், இல்லையென்றால் பலகை வெடிக்கும். குளச்சல், முட்டம் கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் துருவும் சேரும்.

அப்பா கதவுச் சட்டத்தில் காடி (நீளவாக்கில் ஒரு பள்ளம்) எடுத்து, பலகையை அதற்குள் பசை போடாமல் விடுவார். ஊதினாலும் சுருங்கினாலும் உள்ளேயே நகர்ந்துகொள்ளும். கழுந்தைத் துளையில் இறக்கியபின் மூங்கில் ஆணி. கழுந்திலுள்ள ஓட்டையை மட்டும் அரை நூல் (ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) உள்தள்ளிப் போடுவார். ஆணி இறங்க இறங்க மூட்டு தானாக இறுகும். சின்ன வயதில் கொட்டாப்புளியை (மரச் சுத்தியலை) எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்தக் கடைசி அடியில் சத்தம் மாறுவதற்காகக் காத்திருப்பேன். சத்தம் கனத்தால் மூட்டு உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

பிளைவுட்டுக்கும் கழுந்தா என்று கேட்பீர்கள். வேண்டாம். அதில் அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அசைவு குறைவு, அங்கே ஸ்க்ரூ சரி. மெஷினில் கழுந்து வெட்டினாலும் சரி. நான் மெஷினுக்கு எதிரி இல்லை. தேக்கு, அயினி (காட்டுப் பலா) மாதிரி முழு மரத்தில் செய்கிற கதவைப் பற்றித்தான் பேசுகிறேன்.

தக்கலைப் பக்கம் திருவிதாங்கூர் ராஜாக்களின் பத்மநாபபுரம் அரண்மனையில் மரவேலையைப் போய்ப் பாருங்கள் என்றால், அது ராஜா காசு என்கிறார்கள். சரி, ராஜா காசுதான். ஆனால் கழுக்கோலை (கூரையின் சாய்வு மரத்தை) துளைத்து, அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் குறுக்கு மரமான வளையைக் கோர்க்கும் அதே வேலையைத்தானே நம் தாத்தாக்களின் ஓட்டு வீடுகளிலும் செய்தார்கள்? அவர்கள் ராஜாக்களா?

செலவு கூடும் என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் ஆசாரி நாளை இழுத்தார் என்று மட்டும் சொல்லாதீர்கள். 2017இல் ஒக்கிப் புயலில் எங்கள் அயினி மரம் சாய்ந்தது. அறுத்த பலகையை நிழலில் அடுக்கி இரண்டு வருடம் தொடவிடவில்லை அப்பா. அந்த இரண்டு வருடத்துக்கு அவருக்கு யார் கூலி கொடுத்தார்கள்? எத்தனை வீட்டில் மழைக்காலத்தில் கதவு பிடிக்கிறதென்று கூப்பிட்டு, மரம் சீவும் இழைப்புளியோடு போய்ச் சரிசெய்துவிட்டுக் கட்டன் சாயாவோடு திரும்பியிருக்கிறார்! அந்த மனிதரையா ஏமாற்றுக்காரர் என்கிறீர்கள்?

வீடியோவை அப்பாவுக்கும் யாரோ அனுப்பிவிட்டார்கள். இரண்டு முறை பார்த்தார். கோபப்படவே இல்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மக்கா, அந்தப் பய பலகைக்கு எடம் விட்டிருக்கானா? மழைக்கு முன்னாடி அவன்கிட்ட சொல்லிரு" என்றார்.