கேன்டீன் மெனுவில் தொடங்கிய வழக்கறிஞர்

அமெரிக்க வழக்கறிஞர் ஹாபன் கிர்மாவைப் பற்றிப் பகிரப்படும் பதிவுகளில் பாதி ஒரே ராகம்தான். "கண் தெரியாது, காதும் கேட்காது, ஆனாலும் ஹார்வர்டில் சட்டம் படித்தார், நமக்கெல்லாம் என்ன குறை?" கூடவே கைகூப்பும் எமோஜி நாலு. எல்லாமே தன்னம்பிக்கைதான் என்பதுபோல. படிக்கும்போதே எரிச்சல் வருகிறது.

அவர் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா, கிழக்கு ஆப்பிரிக்க நாடான எரித்திரியாவின் விடுதலைப் போர்க் காலத்தில் அகதியாக வெளியேறி அமெரிக்கா வந்தவர். ஹாபன் 1988இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் பிறந்தார். அண்ணனுக்கும் பார்வை, செவி இரண்டிலும் குறை உண்டு. எரித்திரியாவில் பாட்டி அவரைப் பள்ளிக்குக் கூட்டிப்போனபோது, இப்படிப்பட்ட பிள்ளையைச் சேர்க்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தங்கை 2013இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியில் பட்டம் வாங்குகிறார். இரண்டு குறையும் உள்ள ஒருவர் அங்கே படித்துத் தேறியது அதுதான் முதல்முறை. அப்படியென்றால் அண்ணனுக்குத் தன்னம்பிக்கை பத்தவில்லை என்றா சொல்வோம்?

அவரை வழக்கறிஞர் ஆக்கியது ஒரு மெனு. போர்ட்லந்தில் லூயிஸ் அண்ட் கிளார்க் கல்லூரியில் படித்தபோது, கேன்டீனில் அன்றைக்கு எந்தக் கவுன்டரில் என்ன கிடைக்கும் என்பதை அச்சிட்டு ஒட்டுவார்கள். ஹாபன் சைவம். எங்கே தனக்கானது இருக்கிறது என்று தெரியாமலே வரிசையில் நிற்க வேண்டும். மெனுவை மின்னஞ்சலில் அனுப்பினால் பிரெய்லில் படித்துக்கொள்வேன் என்று கேட்டார். மேலாளர் சில நாள் அனுப்புவார், பல நாள் அனுப்பமாட்டார். கேட்டால், இத்தனை மாணவர்களுக்கு நடுவில் தனியாகக் கவனிக்க நேரமில்லை என்ற பதில். சாப்பாடாவது கிடைக்கிறதே, எதற்குப் புகார் என்று ஹாபனே கொஞ்ச காலம் சும்மா இருந்திருக்கிறார்.

அப்புறம்தான் சட்டத்தைத் தேடிப் படித்தார். மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1990இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, வழக்குப் போடுவேன் என்று எழுதினார். வக்கீல் வைக்கக் காசு கிடையாது என்பது வேறு விஷயம். மேலாளர் மன்னிப்புக் கேட்டார், மெனு ஒழுங்காக வந்தது. அடுத்த ஆண்டு சேர்ந்த இன்னொரு பார்வையற்ற மாணவருக்கு இந்தச் சண்டையே தேவைப்படவில்லை. எனக்கு ஹார்வர்டைவிட இதுதான் பெரிய செய்தி.

வழக்கறிஞரானதும் மாற்றுத்திறனாளி உரிமைகளுக்கான அமைப்பு ஒன்றில் சேர்ந்து, ஸ்கிரிப்ட் (Scribd) என்ற மின்னூல் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் வேலை செய்தார். அதன் தளத்தை, திரையில் உள்ள எழுத்தைக் குரலாகவோ பிரெய்லாகவோ மாற்றித் தரும் திரைவாசிப்பான் மென்பொருளால் படிக்க முடியவில்லை. கட்டடம் இருக்கும் கடைகளுக்குத்தான் மாற்றுத்திறனாளிகள் சட்டம், இணையத்தில் மட்டும் இருக்கும் எங்களுக்கு இல்லை என்று நிறுவனம் வாதிட்டது. வெர்மான்ட் ஃபெடரல் நீதிமன்றம் 2015இல் அதை ஏற்கவில்லை. நிறுவனம் சமரசத்துக்கு வந்து, தளத்தைச் சரிசெய்ய ஒப்புக்கொண்டது. 1990இல் சட்டம் எழுதியவர்கள் மின்னூல் சந்தாவைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பிறகு வழக்காடுவதை விட்டுவிட்டு எழுத்து, பேச்சு, ஆலோசனை என்று போனார். 2019இல் தன்வரலாறு வந்தது. ஒவ்வொரு நிறுவனமாகக் கூண்டில் ஏற்றுவதைவிட, தளத்தையும் செயலியையும் வடிவமைக்கிறவர்களிடம் முதலிலேயே பேசிவிடலாம் என்ற கணக்கு. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. கேன்டீன் மேலாளருக்கு நேரம் கிடைத்ததே வழக்கு என்ற சொல்லைப் பார்த்த பிறகுதானே?

படம் போடுகிறவர்கள் அதில் என்ன இருக்கிறது என்று எழுதியும் வையுங்கள் என்பது அவர் விடாமல் கேட்பது. அவர் படத்தைப் பகிர்கிறவர்களே அதைச் செய்வதில்லை. எனவே, இங்கே உள்ள படம்: 2015, வெள்ளை மாளிகை. அதிபர் ஒபாமா கீபோர்டில் தட்டச்சு செய்கிறார். அது ஹாபனின் பிரெய்ல் கருவியோடு இணைந்திருக்கிறது. விரல்களால் அதைப் படித்துக்கொண்டு ஹாபன் எதிரே நிற்கிறார்.