பத்துக் கேள்வியில் ஒரு குழந்தையின் படிப்பைக் கணிக்க முடியாது

“சிறுவயதுத் துன்பங்கள் பற்றிய இந்தப் பத்துக் கேள்விகளில் நான்குக்கு ‘ஆம்’ என்றால் குழந்தையின் மூளை நிரந்தரமாகப் பழுது, படிப்பு ஏறாது” என்றொரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

அமெரிக்காவின் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரு மருத்துவர்கள் நடத்திய ஆய்விலிருந்து பிறந்தவை அந்தக் கேள்விகள். முதல் கட்டுரை 1998-இல் வந்தது. 17,000-க்கும் அதிகமான பெரியவர்களிடம் (குழந்தைகளிடம் அல்ல!) சிறுவயது அடி உதை, புறக்கணிப்பு, வீட்டில் குடிப்பழக்கம் பற்றிக் கேட்டார்கள். துன்பங்கள் கூடக்கூட நோய் வாய்ப்பும் கூடியது. ஆனால் அது மொத்தக் கூட்டத்துக்கான கணக்கு. தனி ஒருவரை எடைபோட, ‘ஆம்’களை எண்ணி வரும் இந்த மதிப்பெண் ஏற்றதல்ல என்று 2020-இல் ஆண்டாவே எழுதினார். அதை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

சரி, பாதிப்பே இல்லையா? உண்டு. எந்நேரமும் பயத்தில் இருக்கும் குழந்தைக்குக் கவனம் சிதறும், இப்போது கேட்டதை மனதில் நிறுத்துவது கடினமாகும். வகுப்பில் அது திமிராகவோ சோம்பலாகவோ தெரியும். ஆனால் மாற்ற முடியாதது அல்ல. ருமேனியாவின் புக்கரெஸ்டில் அனாதை இல்லக் குழந்தைகளை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தபோது அவர்களின் அறிவுத்திறன் மேம்பட்டது. இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் அதிகம்.

பள்ளிகளும் சும்மா இல்லை. வாஷிங்டன் மாநிலத்தின் வாலா வாலா ஊரில் லிங்கன் உயர்நிலைப் பள்ளி, 2010 வாக்கில், தப்பு செய்த மாணவரை வீட்டுக்கு விரட்டுவதைக் குறைத்தது. முதலில் அமைதியாக உட்காரவைத்து, என்ன நடந்தது என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டே இடைநீக்கங்கள் வெகுவாகக் குறைந்தன.