கோணிப்பைக்கு அடியில் அம்மை

எங்கள் தெருவில் பால் ஊற்றும் அக்காவிடம் மூன்று மாடுகள் உண்டு. திருவல்லிக்கேணியில் இது அதிசயமில்லை. பார்த்தசாரதி கோயிலைச் சுற்றி நாலு சந்து நடந்தால் சாணி மிதிக்காமல் வீடு திரும்ப முடியாது. போன வருஷம் ஒரு நாள் காலையில் தூக்குவாளியோடு போனால், நல்ல வெயிலில் செவலை மாட்டின் முதுகில் கோணிப்பை போர்த்தியிருந்தது. கேட்டதற்கு, ஈ கடிக்கிறது என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே மாடு உடம்பைச் சிலிர்த்துப் பையைக் கீழே தள்ளிவிட்டது. கழுத்திலிருந்து தொடை வரை நெல்லிக்காய் நெல்லிக்காயாகக் கட்டி. ஒன்று உடைந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாத தம்பி."

துண்டறிக்கைகளில் இதற்குத் தோல் கழலை நோய் என்று பெயர். அக்காவுக்கு இது அம்மை. கொசு, ஈ, உண்ணி பரப்பும். காய்ச்சல் வரும், கால் வீங்கும், பால் வற்றும். ஏழு லிட்டர் கறந்த மாடு ஒன்றரை லிட்டருக்கு வந்திருந்தது. மனிதருக்கு இது தொற்றாது. ஆனால் அதைத் தெருவுக்கு யார் போய்ச் சொல்வது? ஒரு வீடு வாடிக்கையை நிறுத்தினால் பத்து வீடு நிறுத்தும்.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று எழுத நான் வரவில்லை. இந்தியாவில் இந்த நோய் 2019இல் முதலில் ஒடிசாவில் தென்பட்டது. 2022இல் ராஜஸ்தானும் குஜராத்தும் திணறின. நாடு முழுக்கச் செத்த மாடுகள் ஒரு லட்சத்துக்கும் மேல். அப்போது கையில் இருந்தது ஆட்டம்மைத் தடுப்பூசிதான், அதையே மாட்டுக்கும் போட்டார்கள். இதற்கென்றே உருவாக்கிய ஊசியை அறிமுகப்படுத்தியது அந்த ஆண்டு ஆகஸ்டில். அதற்குள் மூன்று வருஷம் ஓடிவிட்டது. சரி, ஊசி கண்டுபிடிப்பது தோசை வார்ப்பது போல இல்லை. அதை விட்டுவிடலாம்.

என்னுடைய கோபம் அந்தக் கோணிப்பை மேல்தான். நோயை உடனே தெரிவிக்க வேண்டியது மாடு வைத்திருப்பவரின் கடமை என்கிறது 2009ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். மத்திய அரசு இழப்பீடு என்று பேசுவது, நோய் பரவாமல் தடுக்க அரசே கொல்லும் மாட்டுக்கு. நோயில் தானாகச் செத்த மாட்டுக்கு? அது அந்தந்த அரசின் மனசு. ராஜஸ்தான் ஒரு கறவை மாட்டுக்கு 40,000 ரூபாய் கொடுத்தது, கர்நாடகம் பசுவுக்கு 20,000 அறிவித்தது. இரண்டும் மாடுகள் விழ ஆரம்பித்த பிறகு வந்த அறிவிப்புகள். மாடு செத்தால் இவ்வளவு கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த விதியாக இருந்தால்தானே ஒருவர் வாயைத் திறப்பார்?

சென்னையில் இன்னொரு சிக்கல். தெருவில் திரியும் மாட்டைப் பிடித்தால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம். அதையும் நான் குறை சொல்ல மாட்டேன். 2023இல் அரும்பாக்கத்தில் ஒரு பள்ளிச் சிறுமியை மாடு முட்டிய காட்சியைப் பார்த்த பிறகு சொல்லவும் வாய் வராது. ஆனால் அக்காவைப் பொறுத்தவரை அரசு என்றால் மாடு பிடிக்கிற வண்டி. அதே அரசுக்குப் போன் போட்டு "என் மாட்டுக்கு அம்மை, வாங்க" என்று எப்படிக் கூப்பிடுவார்? கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்று ஓர் எண் இருப்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் அன்றைக்குத் தேடித்தான் தெரியும். வேப்பேரியில், 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காய்ச்சல் மாட்டை மவுண்ட் ரோடு போக்குவரத்தில் அங்கே நடத்திக்கொண்டு போக யாரால் முடியும்? கடைசியில் வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் இடித்து உருட்டி நாக்கில் தடவினார். வேப்பிலை, மஞ்சள் எண்ணெயைப் புண்ணில் பூசினார்.

நம்மால் முடியாத காரியமா என்றால், ஒரு தடவை முடித்துக் காட்டியிருக்கிறோம். மாட்டைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற வெக்கை நோய், இந்தியாவில் கடைசியாகத் தென்பட்டது 1995இல், நம் வட ஆற்காட்டில். 1932இலிருந்து கால்நடை ஊசி மருந்து தயாரிக்கும் ராணிப்பேட்டை நிறுவனம் இருப்பதும் அதே பக்கம்தான். 2006இல் இந்தியாவும், 2011இல் உலகமும் அதிலிருந்து விடுபட்டன. ஊசி பாதி வேலை. மீதிப் பாதி, ஊர் ஊராகப் போய் "யார் வீட்டு மாட்டுக்காவது காய்ச்சலா, வாயில் புண்ணா" என்று கேட்டது. கேட்டவரைப் பார்த்து ஜனங்கள் மாட்டை ஒளித்திருந்தால் அந்த நோய் இன்றைக்கும் இருந்திருக்கும்.

நகரத்து மாடுகளுக்கு அப்படிக் கேட்க வருகிற ஆளும் அபராதச் சீட்டு கிழிக்கிற ஆளும் வேறு வேறு என்று அக்காவுக்குத் தெரிய வேண்டும். நோய் சொல்ல வந்தவரிடம் அந்த மாடு எங்கே கட்டியிருந்தது என்று விசாரிக்கக் கூடாது.

செவலை பிழைத்துவிட்டது. தோலில் தழும்பு, பால் நாலு லிட்டரோடு நின்றுவிட்டது. கன்று போட்டு நாலு மாசம் ஆகிறது, கன்றுக்குக் கோமாரி ஊசி போட வேண்டிய வயசு. அதன் காதில் அரசு அடையாள எண் போட்ட மஞ்சள் வில்லை இன்னும் ஏறவில்லை. போன வாரம் நானே 1962ஐப் போனில் அழுத்திக் கொடுத்தேன். மணி அடிக்கும்போதே வாங்கி நிறுத்திவிட்டு, "அட்ரஸ் கேப்பாங்களா தம்பி?" என்றார்.