கோரைப்பல்லை அளந்து ஆணா பெண்ணா என்று உறுதியாகச் சொல்ல முடியாது
கோத்தகிரி, குன்னூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: அடையாளம் தெரியாத உடலின் கோரைப்பல்லை அளந்தாலே ஆணா பெண்ணா என்று நூறு சதவீதம் சொல்லிவிடலாமாம். தவறு. ஆண்களுக்கு அந்தப் பல் சராசரியாகச் சற்றே பெரிது, அகலத்தில் சராசரி வித்தியாசம் பொதுவாக ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, பெரிய பல் உள்ள பெண்களும் சின்னப் பல் உள்ள ஆண்களும் நம் வீட்டிலேயே இருப்பார்கள், மக்கள் கூட்டத்துக்குக் கூட்டம் அளவும் மாறும். அதனால் அது ஒரு குறிப்பு மட்டுமே. பல்லுக்குள் இருக்கும் கூழ் என்ற மென்மையான திசுவிலிருந்து டிஎன்ஏ எடுத்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடும் அமெலோஜெனின் மரபணுவைப் பார்ப்பதுதான் இதைவிட நம்பகமானது, அதுவும் அரிதாகத் தவறும். சந்தேகம் இருந்தால் தடய மருத்துவப் பாடநூலைப் பாருங்கள், அரசு மருத்துவக் கல்லூரியின் தடய மருத்துவத் துறையில் கேளுங்கள். காணாமல் போனவரைத் தேடும் குடும்பங்கள் இதைப் படித்துக் குழம்பும், தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.