கொட்டியது கடற்பாசி அன்று

சிங்கப்பூரின் சாங்கி கடற்கரையில் ஒரு சிறுவனின் கணுக்காலில் தடிப்பு வந்ததற்கு நச்சுக் கடற்பாசியே காரணம் என்று ஒருவர் படத்துடன் எழுதியிருக்கிறார். அவர் இணைத்த படத்தில் இருப்பது செடி அன்று, ஹைட்ராய்டு என்னும் விலங்குக் கூட்டம், சொறிமீனுக்கு உறவு. பழுப்பு இறகு போலக் கிளைத்துப் பாறையில் ஒட்டியிருப்பதால் யாரும் செடி என்றே நினைப்பார்கள். அதன் நுண்ணிய கொட்டும் செல்கள், தோல் உரசியதுமே நஞ்சைச் செலுத்துகின்றன.

ஐயமிருந்தால், தொடாமல், நீருக்குள் இருக்கும்போதே நெருங்கிப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கிளை நெடுகிலும் பொடிப்பொடியாக உணர்கொம்புகள் விரிந்திருக்கும். பாசிக்கு அவை கிடையா. உயிரியல் பாடநூலிலும் ஹைட்ராய்டு, கொட்டும் செல்களுடைய விலங்குகளின் பிரிவான நிடேரியா தொகுதியில்தான் இருக்கிறது. சிறுவனை மருத்துவரிடம் அழைத்துச் சென்றால் அந்தப் படத்தையும் காட்டுங்கள்.