அதான் வேற ஆள் வந்துட்டாரே, அப்புறம் என்ன?

ஒரு கிட்டார்காரர் தன் பேண்டை விட்டுப் போனதற்கு வருத்தப்படக்கூட இந்த ஊரில் ஒரு மனிதனுக்கு உரிமை கிடையாதா? 2022 ஜூலையில், ஸ்டீவ் மோர்ஸ் டீப் பர்ப்பிள் என்கிற இங்கிலீஷ் ராக் பேண்டை விட்டு விலகுகிறார் என்று செய்தி வந்த அன்றைக்கு ஆரம்பித்தது. இன்னும் ஓய்ந்தபாடில்லை. "அதான் வேற ஆள் வந்துட்டாரே, அப்புறம் என்ன?" மாமாக் கடையில் தே தாரிக்கை ஊதிக்கொண்டே கேட்கிறார்கள். கல்யாணப் பந்தியில் இலை போட்ட பிறகு கேட்கிறார்கள். ஒருத்தர் சாவு வீட்டில் வைத்துக் கேட்டார். சாவு வீட்டில்! அந்த வீட்டுக்காரர்களிடம் போய் இதே கேள்வியைக் கேட்பாரா?

"வெள்ளைக்காரன் பேண்டு. அவன் போனா உனக்கு என்னா லா?"

சரி, வருகிறேன். 2013-ல் கால்பந்து மேனேஜர் ஃபெர்குசன் ஓய்வு பெற்றபோது நம்ம ஊர் சுங்கை சிப்புட்டில் எத்தனை பேர் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தீர்கள்? மான்செஸ்டர் யுனைடெட் ஜெர்சியைக் கழற்றாமல் வேலைக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். அவர் என்ன, எல்பில் தோட்டத்தில் பால் மரம் வெட்டினவரா? பழைய கடைவீதியில் உங்களோடு உட்கார்ந்து ரொட்டி சானாய் தின்றவரா? 26 வருஷம் ஒருத்தரைத் தொலைக்காட்சியில் பார்த்தீர்கள், போனதும் வலித்தது. அது நியாயமான வலி என்று நானும் ஒப்புக்கொண்டேன், கடையில் உங்களோடு உட்கார்ந்து கேட்கவும் செய்தேன். ஆனால் 28 வருஷம் ஒரு மனிதரின் விரலைக் கேட்ட எனக்கு வலித்தால் அது கிறுக்குத்தனம்.

உறுமி மேளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழுவிலிருந்து ஒருத்தன் கோபித்துக்கொண்டு போய் இன்னொரு குழுவில் சேர்ந்தால் இந்த ஊரே இரண்டு கட்சி ஆகிறது. தைப்பூசத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பதில் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. அவன் அடி இல்லாமல் காவடி ஏறாது, அந்த அடியில்தான் சாமி வரும், இவன் அடித்தால் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்று பெரியவர்களே பேசுகிறார்கள். அப்போது மட்டும் கை மாறினால் சத்தம் மாறும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. கிட்டாருக்கு மட்டும் எந்தக் கையாக இருந்தாலும் ஒன்றுதானாம்.

தோட்டத்துப் பையனுக்கு ராக் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்களும் உண்டு. வேறு நாட்டுக்காரன் கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம், மலேசியாவில் வளர்ந்தவன் கேட்கலாமா? 80களில் சர்ச், விங்ஸ் ராக் பேண்டுகளின் பாட்டு கேட்காத தோட்டத்து லயம் எது? பினாங்கிலிருந்து வந்த ஆலிகேட்ஸ் பேண்டின் டேவிட் ஆறுமுகமும் லோகாவும் நம் ஆட்கள் என்று பெருமை பேசாத வீடு எது? 1992-ல் நீளமுடி ராக்கர்கள் முடி வெட்டினால்தான் அரசாங்கத் தொலைக்காட்சி ஆர்டிஎம்மில் முகம் காட்ட முடியும் என்று தகவல் அமைச்சர் பிடிவாதமாக நின்றார் இல்லையா, அந்த நேரத்தில் எங்கள் தோட்டத்திலும் தோள் வரை முடி வளர்த்தவர்கள் இருந்தார்கள். அப்பாமார்களுக்கு அதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? "அமைச்சரே சொல்லிட்டாருடா!" என்று கத்தரிக்கோலோடு துரத்தினார்கள். அதுவரை அமைச்சர் சொன்ன வேறு எதையும் அவர்கள் மதித்து நான் பார்த்ததில்லை.

டீப் பர்ப்பிள் எங்களுக்கு வந்தது பாசார் மாலாம் இரவுச் சந்தையின் கள்ளக் கேசட்டில்தான். அட்டையில் பெயர் தப்பாக இருக்கும், பாதிப் பாட்டு நடுவில் அறுந்து போகும், பக்கம் 'பி'யில் திடீரென்று வேறு யாரோ பாடுவார்கள். அந்தக் கேசட்டுகள் அண்ணன்மார்களுடையவை. அதில் வாசித்தது ரிச்சி பிளாக்மோர். 1968-ல் பேண்டைத் தொடங்கினவர்களில் ஒருவர், 1975-ல் போனவர், 1984-ல் திரும்பி வந்தவர், 1993 நவம்பரில் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே மறுபடி போனவர். மேதைதான், மறுக்கவில்லை. 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டின் அந்த நாலு நோட்டை உலகத்தில் கிட்டார் தொட்ட ஒவ்வொருத்தனும் வாசித்துப் பார்த்திருக்கிறான், ஈப்போ இசைக்கருவிக் கடைக்காரர்கள் அதைக் கேட்டுக் கேட்டே கிழவர்களானார்கள்.

ஆனால் எங்கள் வயசுக்காரர்களுக்குச் சொந்தமாகக் கிடைத்தவர் மோர்ஸ். பிளாக்மோர் விட்டுப்போன கச்சேரிகளை ஜோ சாட்ரியானி வந்து முடித்துக் கொடுத்தார், அதற்குப் பிறகு 1994-ல் மோர்ஸ் சேர்ந்தார். 1996-ல் 'பர்ப்பெண்டிகுலர்' வந்தது. அண்ணன்களின் பழைய கேசட் மாதிரி இல்லாமல், வந்த காலத்திலேயே நாங்கள் காசு சேர்த்து ஈப்போ போய் வாங்கிய ஆல்பம். பஸ்ஸில் திரும்பி வரும்போதே இயர்ஃபோனில் ஒரு காது எனக்கு, இன்னொரு காது கூட்டாளிக்கு. பிளாக்மோரை அப்படியே காப்பியடிக்கிற ஒருவர் வருவார் என்று அண்ணன்கள் காத்திருந்தார்கள். இவரோ தன் கையோடு வந்தார். நீளமான, ஏறி ஏறிப் போகிற மெட்டு, மூச்சு வாங்காமல் ஓடுகிற விரல். நடுவில் கொஞ்ச காலம் இசையை விட்டுவிட்டு விமானம் ஓட்டியவர் அவர். வாசிப்பிலும் எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

கல்பனா சாவ்லா விண்வெளிக்கு எடுத்துப் போன இசைத்தட்டுகளில் இந்த 'பர்ப்பெண்டிகுலர்' ஒன்று. கொலம்பியா விண்வெளி ஓடத்தில் இருந்தபடியே பேண்டுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். 2003 பிப்ரவரி 1-ம் தேதி அந்த ஓடம் சிதறியது. அந்த வருஷம் வந்த ஆல்பத்தின் கடைசியில் ஒரு சின்னக் கருவியிசை இருக்கிறது, பாட்டு வரி ஒன்றும் கிடையாது. மோர்ஸ் அந்த விண்வெளி வீரர்களுக்காக எழுதியது. இதை என் மோட்டார் சைக்கிள் பட்டறையில் நான் சொன்னபோது ஒருத்தர், "அப்படியா, ஆனா பிளாக்மோர் மாதிரி வருமா?" என்றார். கையில் ஸ்பேனர் இருந்தது. கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இந்த பிளாக்மோர் பக்தர்கள்தான் எனக்குப் பெரிய வயிற்றெரிச்சல். ஒன்றும் தெரியாமல் கேட்கிறவனை மன்னித்துவிடலாம். இவர்களுக்கு எல்லாம் தெரியும். பிளாக்மோர் இரண்டு தவணையும் சேர்த்து அந்த பேண்டில் இருந்தது சுமார் 16 வருஷம். மோர்ஸ் 28. சுற்றுப்பயணம், ஆல்பம், கீபோர்டு வாசித்த ஜான் லார்ட் விலகியது, 2012-ல் அவர் இறந்தது, எல்லாவற்றையும் கூட இருந்து பார்த்தவர். வலது மணிக்கட்டில் மூட்டுத் தேய்மானம் வந்து, இத்தனை வருஷம் வாசித்த முறையையே மாற்றிக்கொண்டு, கையில் பட்டை கட்டிக்கொண்டு மேடை ஏறினவர். இவ்வளவுக்கும் பிறகு அவர் "அந்தப் புது ஆள்". எந்த ஊரில் 28 வருஷம் இருந்தவன் புது ஆள்?

இவர்களைச் சொல்லி என்ன பிரயோசனம், பெரிய இடத்திலேயே அதுதான் நடந்தது. 2016-ல் டீப் பர்ப்பிளை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்கிற கௌரவப் பட்டியலில் சேர்த்தார்கள். எட்டுப் பெயர். 68-லும் 69-லும் பாடிவிட்டுப் போன ராட் எவன்ஸ் பெயர் இருந்தது, விழாவுக்கே வராத பிளாக்மோர் பெயர் இருந்தது. அப்போது 22 வருஷமாக வாசித்துக்கொண்டிருந்த மோர்ஸ் பெயர் இல்லை. கீபோர்டு வாசிக்கும் டான் ஏரி பெயரும் இல்லை. மூன்று தலைமுறை தோட்டத்து வீட்டில் குடியிருந்துவிட்டு, தோட்டம் கைமாறிய அன்று "இது உங்க வீடு இல்லை, காலி பண்ணுங்க" என்று கடிதம் வாங்கினவர்கள் இந்த ஊரில் நிறைய பேர். அவர்களாவது இந்த எரிச்சலைப் புரிந்துகொள்ள வேண்டாமா?

பழைய ஆளையே பிடித்துத் தொங்குகிற ரசிகக் கூட்டம் என்ன செய்யும் என்பதற்கு டாமி போலின் கதை போதும். 1975-ல் பிளாக்மோர் இடத்துக்கு வந்த அமெரிக்கப் பையன். நமக்குப் பக்கத்தில், ஜகார்த்தாவில்கூட அந்த வருஷக் கடைசியில் வாசித்தார். மேடையில் நின்று வாசிக்கும்போதே கூட்டம் பிளாக்மோரைக் கேட்டுக் கத்தியது. போதைப் பழக்கம் வேறு. 1976 மார்ச்சில் பேண்டே கலைந்தது, டிசம்பரில் அவர் செத்துப்போனார். வயசு 25. ரசிகர்கள் கத்தியதால் செத்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கத்தினவர்கள் யாரும் அதற்காக வெட்கப்பட்டு நான் கேட்டதில்லை.

அடுத்த ரகம் இன்னும் மோசம். "இத்தனை வருஷம் இருந்துட்டு இப்படி நடுவுல விட்டுட்டுப் போகலாமா? ரசிகனை நெனச்சுப் பாத்தாரா?" மனைவிக்கு அப்போது புற்றுநோய் ஐயா. 2022 மார்ச்சில் முதலில் கொஞ்ச நாள் விடுப்புதான் கேட்டார். பேண்டும் தற்காலிகமாக வேறு ஆளை வைத்துச் சமாளித்தது. ஊர் ஊராகப் போகிற வேலையையும் வீட்டில் இருக்க வேண்டிய நேரத்தையும் ஒன்றாகச் செய்ய முடியாது என்று தெரிந்ததும் ஜூலையில் ஒரேயடியாக விலகினார். 67 வயசு. இதில் எங்கே துரோகம் வந்தது? கட்டினவள் படுத்திருக்கும்போது உலகம் சுற்றினால் அவரைப் பற்றி என்ன பேசுவீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அவர் போனதில் எனக்கு அவர்மேல் ஒரு துளி கோபம் இல்லை. எனக்குக் கோபம் எல்லாம் இங்கே இருக்கிறவர்கள்மேல்தான்.

மோர்ஸ் இடத்துக்கு வந்த சைமன் மெக்பிரைட் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் அவருக்கு எதிரி என்று கிளப்பிவிடுவார்கள். பெல்ஃபாஸ்ட்காரர். டான் ஏரியோடும் பேண்டின் பாடகர் இயன் கில்லனோடும் அவர்களுடைய தனிக் கச்சேரிகளில் வாசித்துப் பழகினவர். 2024-ல் வந்த ஆல்பத்தை வந்த அன்றைக்கே கேட்டேன். நன்றாக வாசிக்கிறார், ரொம்ப நன்றாகவே வாசிக்கிறார். மட்டமாக வாசித்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன், அதற்கும் வழியில்லை. அவரைப் பிடித்துவிட்டது, மோர்ஸ் இல்லாத குறையும் போகவில்லை. இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடாது என்று எந்தச் சட்டம்? ஆனால் மாமாக் கடைக்காரர்களுக்கு இது ஒத்துவராது. ஒன்று அழு, இல்லாவிட்டால் சிரி.

இப்போது அண்ணன்மார்கள் புதுசாக ஒன்று பிடித்திருக்கிறார்கள். மெக்பிரைட்டின் வாசிப்பில் புளூஸ் வாசனை கொஞ்சம் தூக்கல், கேட்க பிளாக்மோருக்குப் பக்கத்தில் இருக்கிறது. உடனே, "இப்போதாண்டா பேண்டு பழையபடி ஆச்சு!" அதாவது நடுவில் போன 28 வருஷமும், அதில் வந்த அத்தனை ஆல்பமும், நாங்கள் பஸ்ஸில் ஒயர் பகிர்ந்து கேட்டதும் ஏதோ விளம்பர இடைவேளை. மெக்பிரைட்டுக்கும் இதில் மரியாதை கிடையாது, அவரையும் பிளாக்மோரின் நிழலாகத்தான் பார்க்கிறார்கள். இன்னும் பத்து வருஷம் அவர் வாசித்தாலும் இவர்கள் வாயில் அவரும் புது ஆள்தான்.

போன வாரம் ஒரு அண்ணன் அதே வசனத்தோடு பட்டறைக்குள் வந்தார். எதிர்த்துப் பேசவில்லை, பெரியவர். ஸ்பீக்கரில் சத்தத்தைக் கூட்டினேன், அவ்வளவுதான். ஆனால் இனிமேல் பேச்சு கிடையாது. "பேண்டு பழையபடி ஆச்சு" என்று இன்னொரு தடவை யார் வாயைத் திறந்தாலும் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போகலாம். ஆயிலை வடித்துவிட்டு ஊற்றாமல் வைத்திருந்தாலும் சரி, அப்படியே தள்ளிக்கொண்டு போகட்டும்.