எல்லை வேலியில் இளஞ்சிவப்பு சீசா: அது இன்றும் அங்கே இருக்கிறதா?

அமெரிக்கா-மெக்சிகோ எல்லை வேலிக்குள் இளஞ்சிவப்பு சீசா பலகைகளை (ஒரு முனை இறங்கினால் மறு முனை ஏறும் விளையாட்டுப் பலகை) செருகி இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஆடும் வீடியோ மறுபடியும் சுற்றுகிறது, கூடவே "அரசாங்கமே நிரந்தரமாக வைத்திருக்கிறது, இப்போதும் தினமும் ஆடுகிறார்கள்" என்று ஒரு வரி. வீடியோ நிஜம்தான். அந்த வரி தவறு.

இது எந்த அரசும் வைத்ததில்லை. ரொனால்ட் ரேல், வர்ஜீனியா சான் ஃபிராடெல்லோ என்ற இரண்டு கட்டட வடிவமைப்பாளர்கள் 2009-லேயே வரைந்து வைத்திருந்த யோசனை. 2019 ஜூலையில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துச் சன்லேண்ட் பார்க்குக்கும் மெக்சிகோவின் சியூடாட் ஹுவாரெஸுக்கும் நடுவே மூன்று சீசாக்களை வைத்தார்கள், அதுவும் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை, அன்றே கழற்றிவிட்டார்கள்.

வீடியோவைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். இரும்புக் கம்பிகளுக்கு நடுவே இருக்கும் ஒடுங்கிய இடைவெளியில்தான் அந்த நீளமான பலகை நுழைந்திருக்கிறது, சீசாவைத் தாங்கி நிற்பதே அந்த வேலிதான். இந்தப் பக்கம் ஒருவர் இறங்கினால்தான் அந்தப் பக்கம் இருப்பவர் மேலே போக முடியும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

லண்டன் டிசைன் மியூசியம் 2020-க்கான ஆண்டின் சிறந்த வடிவமைப்பாக இதைத் தேர்ந்தெடுத்தது. விருது செய்தி 2021 ஜனவரியில் வந்ததால், சீசாவும் அப்போது அங்கே இருந்ததாகப் பலர் நினைத்திருக்கலாம். தயவுசெய்து, பகிர்வதானால் தேதியோடு பகிருங்கள்.